நினைவுகளும் ஓர் அமானிதமே

 

எங்கள் மத்ரஸாவில் ஓதும் பிள்ளை ஒருவனின் வீட்டார் அண்மையில் மிகுந்த மனவேதனையுடன் ஒரு செய்தியைக் கூறினர். வளைகுடாவில் பணிபுரியும் மூத்த மகன், விடுமுறையில் வந்தபோது வீட்டில் ஒரு சிறிய சர்வரை அமைத்துக் கொடுத்திருந்தார். குடும்பப் படங்கள், நிக்காஹ் ஒளிப்பதிவுகள், நான்கு கேமராக்களின் இரவுபகல் பதிவுகள் அனைத்தும் விலை மலிவான ஒரே எஸ்.எஸ்.டி.யில் சேர்ந்து வந்தன. இரண்டாண்டுகளில் அது பேச்சு மூச்சின்றி நின்றுவிட்டது. மர்ஹூமாவாகிவிட்ட பாட்டியார், பேரப்பிள்ளைகளுக்குத் துஆ ஓதிக் கொடுத்த குரலும் அதனோடு போயிற்று.

இது ஏன் நிகழ்ந்தது? எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு கிடையாது. நுண்ணிய அறைகளில் மின்னூட்டமாகவே தகவல் தங்குகிறது. எழுதி அழிக்குந்தோறும் அவ்வறைகள் சிறுகச் சிறுகத் தேய்கின்றன. ஓர் அறையில் மூன்று பிட்டுகளை வைப்பது டி.எல்.சி. வகை, நான்கை வைப்பது கியூ.எல்.சி. வகை. பின்னது விலை குறைவு, தேய்மானமோ அதிகம்.

ஆகவே வாங்கும்போது கொள்ளளவை மட்டும் பாராதீர்கள். டி.பி.டபிள்யூ. என்னும் எண்ணைக் கேளுங்கள். மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் என்பதையே அது குறிக்கிறது. ஒரு டெராபைட் கொள்ளளவில் சாம்சங் 870 கியூ.வி.ஓ.வுக்கு அது 360, 870 ஈவோவுக்கு 600, டபிள்யூ.டி. ரெட் எஸ்.என்.700க்கு 2000. கடைசியாகச் சொன்னது எம்.2 துளையுள்ள சர்வருக்கே பொருந்தும்.

இனிக் கணக்கிடுவோம். ஒரு கேமரா வினாடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால், நான்கும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 173 ஜிகாபைட் எழுதும். ஆண்டுக்கு 63 டெராபைட்! அவ்வீட்டாரின் எஸ்.எஸ்.டி.க்குக் குறிக்கப்பட்டிருந்ததோ வெறும் 80. ஒன்றேகால் ஆண்டில் அந்த எல்லை கடந்துவிட்டது. எல்லை கடந்த அன்றே அது நின்றுவிடுவதில்லை. ஆயினும் அதன்பின் அதனை நம்பியிருப்பது அறிவுடைமையாகாது.

எனவே, ஓயாது எழுதும் கேமராப் பதிவுகளை, கண்காணிப்புக்கென்றே செய்யப்படும் ஹார்டு டிஸ்க்கில் விடுங்கள். சர்வரை இயக்கும் மென்பொருளுக்கு டி.எல்.சி. வகை எஸ்.எஸ்.டி.யைக் கொள்ளுங்கள், அதனை முழுவதும் நிரப்பாமல் சிறிது இடம் விட்டு வையுங்கள். நிரம்பிய எஸ்.எஸ்.டி. உள்ளுக்குள்ளேயே தகவல்களை இடம் மாற்றி எழுதி விரைவில் தேயும். ஸ்மார்ட் என்னும் அறிக்கை அதன் தேய்மானத்தைக் காட்டும்; மாதம் ஒருமுறை அதனைப் பாருங்கள்.

எவ்வளவு உறுதியான எஸ்.எஸ்.டி.யும் ஒற்றைப் பிரதிக்குப் பாதுகாப்பாகாது. குடும்ப நினைவுகளின் இரண்டாம் பிரதியை ஒரு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, உடன்பிறந்தார் வீட்டில் வையுங்கள். இதற்கு எஸ்.எஸ்.டி. ஏற்றதன்று, மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அதன் மின்னூட்டம் கசிந்துவிடக்கூடும்.

நம் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். யமாமாப் போரில் ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதானபோது, அபூபக்ர் (ரலி) அவர்கள் குர்ஆனை ஒரே தொகுப்பாக எழுதச் செய்தார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எடுத்துப் பல நகரங்களுக்கும் அனுப்பி வைத்தார்கள். இறைவேதத்தின் மகத்துவத்திற்கு வேறெதுவும் ஈடாகாது. ஆயினும் காக்க வேண்டியதை ஒரே இடத்தில் விட்டுவைக்கலாகாது என்னும் படிப்பினை நமக்கும் உரியதன்றோ?

பெற்றோரின் குரல் நம்மிடம் உள்ள அமானிதம். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க எண்ணி அதனை இழந்துவிடாதீர்கள். இன்ஷா அல்லாஹ், இந்த வாரமே இரண்டாம் பிரதியை எடுத்துவிடுங்கள். வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.