திட்டினால் நகராத மஞ்சப்பை

காரியத்தைத் தள்ளிப்போடுகிறவன் சோம்பேறி, நாலு வசவு விழுந்தால் வழிக்கு வருவான் என்பது எங்கள் தாராபுரம் பக்கத்தில் எழுதாத சட்டம். அந்தச் சட்டம் தப்பு.

என் மாமா விடியுமுன் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டுத்தான் டீ குடிப்பார். அமராவதி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் ராத்திரியெல்லாம் மண்வெட்டியோடு மடை மாற்றுவார். அவர் வீட்டு ஆணியில் மூன்று வருடமாக ஒரு மஞ்சப்பை தொங்குகிறது. உள்ளே தாத்தாவின் இறப்புச் சான்று, பழைய பட்டா, பத்திர நகல்கள். பெயர் மாற்றச் சொன்னால், "ஆடி போகட்டும் மாப்ளே" என்பார். ஆடி போனால் அறுப்பு, அறுப்பு போனால் மார்கழி. (வேறெதற்கும் மனிதர் பஞ்சாங்கம் பார்த்து நான் கண்டதில்லை.) அத்தை திட்டாத நாளில்லை. பை நகரவில்லை.

இவரா சோம்பேறி? வள்ளுவரே மடியின்மை அதிகாரத்தில் காலந்தாழ்த்துவதையும் சோம்பலையும் தனித்தனியாகத்தான் எண்ணுகிறார். தள்ளிப்போடுவது நேரச் சிக்கலல்ல, அந்த வேலை கிளப்பும் மனக்கசப்பிலிருந்து தப்பும் வழி என்று 2013-இல் சிரோயிஸ், பிச்சில் என்ற உளவியலாளர்கள் எழுதினார்கள். மாமாவின் கசப்பு எது? பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-இலும் மத்திய அரசு 2005-இலும் சட்டம் திருத்தின. கையெழுத்துப் போட வேண்டியவர் அவருடைய அக்கா, அதாவது என் அம்மா. அக்கா பங்கு கேட்டால் சங்கடம். கேட்காமலே போட்டுக் கொடுத்தால் அதைவிடச் சங்கடம்.

வசவு அந்தக் கசப்பின் மேல் இன்னொரு கரண்டி. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் 119 பேரை வைத்து 2010-இல் வெளியான ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் இழுத்தடித்ததற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்களே அடுத்த தேர்வுக்குக் குறைவாக இழுத்தடித்தார்கள். டைம்டேபிள் ஒட்டுவதும் வீண். 'இன்னது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று ஒரு வேலையை இன்னொன்றோடு முடிச்சுப் போடுவதுதான் பலிக்கிறது என்கிறார் ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர்.

அப்படித்தான் முடிச்சுப் போட்டோம்: வியாழக்கிழமை பால் ஊற்றியதும், டீக்கு முன்னால், அக்காவுக்கு ஒரு போன். பட்டாப் பேச்சே வேண்டாம். ஆனால் மாமாவால் அடக்க முடியவில்லை, கொட்டிவிட்டார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "மூணு வருசமா நோம்பிக்குக்கூட நீ வராம இருந்தது இதுக்குத்தானாடா?"