ஒரு மீன்தானே, என்ன குறைந்துவிடும்?



ஒரு பள்ளிக்கூடத்தை மனத்தில் எண்ணிக் கொள்ளுங்கள். அதன் பத்தாம் வகுப்பில் உட்கார இடமில்லை. ஒன்பதாம் வகுப்பில் அதில் பாதிப் பேர். எட்டு, ஏழு, ஆறு என்று கீழே இறங்கி வந்தால் வகுப்புக்கு நாலைந்து பேர்தான். ஒன்றாம் வகுப்பில் பெஞ்சுகள் காலி. பத்தாம் வகுப்பை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "பள்ளி மிக நன்றாக நடக்கிறது" என்று ஒருவர் சான்றிதழ் எழுதினால் நீங்கள் ஒப்புக் கொள்வீர்களா?

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் இத்தகைய நிலைமை ஒன்று உருவாகியிருக்கிறது. அங்கே பள்ளி என்பது அட்லாண்டிக் பெருங்கடல். மாணவர்கள், 'ஸ்டிரைப்டு பாஸ்' என்னும் மீன்கள். வெள்ளி நிற உடலில் தலையிலிருந்து வால்வரை ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடுவதால் இந்தப் பெயர். நாம் இதனை 'வரிமீன்' என்று அழைப்போம்.

வரிமீனின் வாழ்க்கை சுவையானது. கடலில் வாழும் இம்மீன் முட்டையிட ஆற்றைத் தேடி வருகிறது. வசந்த காலத்தில் செசப்பீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளிலும், ஹட்சன், டெலவேர் ஆறுகளிலும் பெண் மீன்கள் முட்டையிடுகின்றன. இவற்றுள் செசப்பீக் விரிகுடாவே மிகப் பெரிய தொட்டில். முட்டைகள் ஆற்றின் அடியில் படிந்து விடாமல் நீரோட்டத்தில் மிதந்து செல்ல வேண்டும். ஏறத்தாழ இரண்டு நாட்களில் குஞ்சு பொரிக்கும். முட்டையிட்டு முடிந்ததும் பெரிய மீன்கள் கடலுக்குத் திரும்பி, கோடையில் வடக்கே மெயின் மாநிலம் வரைகூடச் செல்லும். இலையுதிர் காலத்தில் மறுபடி தெற்கே வரும். முப்பது ஆண்டு வாழக்கூடிய மீன் இது. 2011-ஆம் ஆண்டில் கனெக்டிகட் கடற்பகுதியில் ஒருவர் தூண்டிலில் பிடித்த வரிமீன் சுமார் 37 கிலோ எடை இருந்தது!

இந்தப் பருவப் பயணத்துக்காகத்தான் கடற்கரை எங்கும் தூண்டில்காரர்கள் காத்திருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் மீனவர்கள் அல்லர். அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை பார்ப்பவர்கள். விடுமுறையில் பொழுதுபோக்காகத் தூண்டில் வீசுபவர்கள். ஆனால் "பொழுதுபோக்குத்தானே" என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மனிதரால் ஆண்டுதோறும் இறக்கும் வரிமீன்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை வலைபோடும் தொழிலாளராலன்றி, இந்தப் பொழுதுபோக்குத் தூண்டில்களாலேயே இறக்கின்றன. 'கடலைக் காலி செய்பவை பெரிய கப்பல்களே' என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். எண்ணற்ற சிறு தூண்டில்கள் சேர்ந்தால் அவையும் ஒரு பெரிய வலைதான் என்பதை இந்த மீனின் கதை காட்டுகிறது.

கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம். ஐரோப்பியர் அங்கே குடியேறிய புதிதில் வரிமீன்கள் ஏராளமாகக் கிடைத்தன. வயலுக்கு உரமாகக்கூடப் போட்டார்கள். 1639-ஆம் ஆண்டிலேயே மாசசூசெட்ஸ் குடியேற்றம் இம்மீனை உரமாக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. 1670-இல் பிளிமத் குடியேற்றம், மீன்பிடிப்பில் கிடைத்த வருவாயைக் கொண்டு ஓர் இலவசப் பள்ளியை நடத்த ஏற்பாடு செய்தது. மாணவர்களாகிய நீங்கள் இந்த மீனுக்கு ஒரு வணக்கம் சொல்லலாம்!

ஆனால் ஏராளம் என்பது என்றும் நிலைப்பதில்லை. 1973-இல் வணிக மீன்பிடிப்பு மட்டும் ஏறத்தாழ 6,700 டன். பத்தே ஆண்டுகளில், 1983-இல், அது 1,600 டன் அளவுக்குச் சரிந்துவிட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் 1984-இல் வரிமீனைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. 1985-இல் மேரிலாந்து மாநிலம் வரிமீன் பிடிப்பதை அடியோடு தடை செய்தது. மற்ற மாநிலங்கள், 1982-இல் பிறந்த மீன்களைக் கண்ணும் கருத்துமாகக் காத்தன. அந்த ஆண்டுப் பெண் மீன்களில் நூற்றுக்கு 95 மீன்களாவது ஒரு முறை முட்டையிடும் வரை அவற்றைத் தொடக்கூடாது என்பதே திட்டம். மீன் வளர வளர, பிடிக்கத் தகுந்த குறைந்த அளவையும் உயர்த்திக்கொண்டே போனார்கள். பலன் கிடைத்தது. 1990-இல் தடை தளர்ந்தது. 1995-இல் வரிமீன் மீண்டுவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. விஞ்ஞானமும் மக்களின் பொறுமையும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

இப்போது மீண்டும் ஆபத்து வந்திருக்கிறது. இதை எப்படி அறிந்தார்கள்? மேரிலாந்து விஞ்ஞானிகள் 1954 முதல் ஒரு கணக்கெடுப்பை நடத்தி வருகிறார்கள். விரிகுடாவின் தலைப்பகுதியிலும், சாப்டாங்க், பொட்டோமாக், நான்டிகோக் ஆறுகளிலும் 22 இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் கோடையில் மூன்று முறை பயணம். ஒவ்வொரு முறையும் 30 மீட்டர் நீளமுள்ள கரைவலையால் இரண்டு இழுப்பு. ஆக மொத்தம் 132 இழுப்புகள். வலையில் விழும், அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகளை எண்ணி, ஓர் இழுப்புக்குச் சராசரி எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். கரைவலையும் பொறுமையும் உங்கள் பாடத்திலுள்ள சராசரிக் கணக்கும் இருந்தால் போதும். கடலின் எதிர்காலத்தை எட்டிப் பார்த்துவிடலாம்!

அந்தக் கணக்கு என்ன சொல்கிறது? நீண்டகாலச் சராசரி, இழுப்புக்குச் சுமார் 11 குஞ்சுகள். 2015-இல் இது 24-ஐத் தாண்டியது. ஆனால் 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளும் சராசரியில் பாதியைக்கூட எட்டவில்லை. 2023-இல் இழுப்புக்கு ஒரே ஒரு குஞ்சு. 2024-இல் இரண்டு.

இங்கேதான் நமது பள்ளிக்கூட உவமை பயன்படுகிறது. ஒரு வரிமீன் 28 அங்குலம், அதாவது 71 சென்டிமீட்டர், வளர ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும். இன்று தூண்டிலில் மாட்டும் பெரிய மீன், என்றோ நல்ல ஆண்டொன்றில் பிறந்தது. "போன வாரம்கூட நல்ல மீன் பிடித்தேனே! எங்கே குறைந்துவிட்டது?" என்று ஒரு தூண்டில்காரர் கேட்டால், அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்ப்பது பத்தாம் வகுப்பை. விஞ்ஞானிகள் எண்ணுவது ஒன்றாம் வகுப்பை. இன்றைய பிடிப்பு என்பது நேற்றைய பிறப்பின் எதிரொலி; நாளைய பிடிப்பை அறிய வேண்டுமானால் இன்றைய பிறப்பைத்தான் எண்ண வேண்டும்.

குஞ்சுகள் குறைய என்ன காரணம்? குளிரும் மழையும் நிறைந்த ஆண்டுகளே வரிமீன் குஞ்சுகளுக்கு நல்லவை என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அண்மை ஆண்டுகளில் குளிர்காலம் வெதுவெதுப்பாகவும், வசந்தம் வறட்சியாகவும் இருந்தன. குஞ்சு வெளிவரும் வேளையும், அது தின்னும் நுண்ணுயிர்கள் பெருகும் வேளையும் பொருந்தாமல் போகின்றன.

"அப்படியானால் குற்றம் வானிலையுடையது, தூண்டில்காரர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. விடை வரிமீனின் ஆயுளிலேயே இருக்கிறது. நல்ல பிறப்பு ஆண்டுகள் எப்போதாவதுதான் வரும். அதனால்தான் இயற்கை இம்மீனுக்கு முப்பது ஆண்டு ஆயுளையும், பெரிய பெண் மீனுக்கு ஒரே பருவத்தில் பல லட்சம் முட்டைகளையும் கொடுத்திருக்கிறது. பஞ்ச காலத்துக்காக விதைநெல்லைப் பத்திரப்படுத்தும் உழவனைப் போல, தாய்மீன்கள் கெட்ட ஆண்டுகளைத் தாண்டி நல்ல ஆண்டுக்காகக் காத்திருக்கின்றன. குளிர்காலத்துக்கு நம்மால் கட்டளையிட முடியாது. கையிலிருக்கும் தூண்டிலுக்கு இடலாம். நல்ல ஆண்டு வரும்போது முட்டையிடத் தாய்மீன்கள் மிஞ்சியிருக்க வேண்டாமா?

2019-இல் வெளியான விரிவான ஆய்வு, முட்டையிடும் வரிமீன்களின் அளவு அபாய எல்லைக்குக் கீழே போய்விட்டதைக் காட்டியது. 2029-க்குள் அதை மீட்க வேண்டும் என்பது இலக்கு. 2023-இல் கடற்பகுதிக்குக் கடுமையான விதி வந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு மீன். அதுவும் 28 முதல் 31 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதைவிடப் பெரியதையும் விட்டுவிட வேண்டும். சிறியதையும் விட்டுவிட வேண்டும்.

"விட்டுவிட்டால் மீன் பிழைத்துக்கொள்ளும், பிறகென்ன கவலை?" என்று தோன்றுகிறதல்லவா? ஒரு சிறு கணக்குப் போடுங்கள். பிடிபடும் வரிமீன்களில் பத்துக்கு ஒன்பது மறுபடி கடலில் விடப்படுகின்றன. விடப்பட்டவற்றில் நூற்றுக்கு 9 இறந்துவிடுகின்றன என்று விஞ்ஞானிகள் கணக்கில் கொள்கிறார்கள். நூறு மீன் பிடித்தால், பத்து வீட்டுக்குப் போகின்றன. தொண்ணூறு கடலுக்குத் திரும்புகின்றன. அந்தத் தொண்ணூறில் எட்டு இறக்கின்றன. கூடையில் போனது பத்து. கண்ணுக்குத் தெரியாமல் செத்தது எட்டு! யாருக்கும் உணவாகாத எட்டு.

ஏன் இறக்கின்றன? முள் தொண்டையிலோ செவுளிலோ குத்தியிருக்கலாம். தூண்டிலோடு போராடும்போது, வேகமாக ஓடிய உங்கள் காலில் சேர்வது போலவே, மீனின் தசையிலும் லாக்டிக் அமிலம் சேர்கிறது. களைப்பு நீங்கப் பிராணவாயு மிகுதியாக வேண்டும். ஆனால் நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். அதற்குமேல், படம் எடுப்பதற்காக மீனைக் காற்றில் தூக்கிப் பிடித்தால் அது மூச்சுவிடவே முடியாது. இறப்பைக் குறைக்க, இரை கோத்துப் பிடிப்பவர்கள் நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2021-இல் வந்தது. இது தொண்டையில் குத்தாமல் வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். நல்ல ஏற்பாடு, ஆனால் இது மட்டும் போதாது.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். முட்டையிடும் காலத்திலும், நீர் மிகச் சூடாகும் கோடை வாரங்களிலும், பிடித்து விடுவதற்காகக்கூட இம்மீனுக்குத் தூண்டில் வீசக்கூடாது. மேரிலாந்து 2020-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஜூலையின் பிற்பாதியில் அப்படி ஒரு தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதனை எல்லா மாநிலங்களும் தத்தம் நீரின் வெப்பநிலைக்கேற்பப் பின்பற்றுவது நல்லது.

இதற்கு எதிர்ப்பு உண்டு. அது நியாயமற்றதும் அன்று. தூண்டில்காரர்களை ஏற்றிச் செல்லும் படகோட்டிகளுக்கும், இரையும் முள்ளும் விற்கும் கடைக்காரர்களுக்கும் பருவம்தான் பிழைப்பு. இரண்டு வாரம் மூடினால் அவர்கள் வீட்டு அடுப்பில் அது தெரியும். ஆகவே இழப்பைத் தாங்க அவர்களுக்கு அரசு உதவ வேண்டும். ஆனால் மீனே இல்லாத கடலில் படகுக்கும் கடைக்கும் என்ன வேலை? 1985-இல் ஐந்தாண்டு பொறுத்தார்கள். பிறகு பல்லாண்டு பலன் கண்டார்கள். இன்று சில வாரங்கள் பொறுக்க மறுத்தால், நாளை பல ஆண்டுகள் பொறுக்க நேரிடலாம்.

தூண்டில் வீசுவது தீயது என்று நான் சொல்லவில்லை. விடியற்காலையில் அலையோரம் நின்று நீரோட்டத்தையும் காற்றையும் பறவைகளையும் கவனிப்பவர், புத்தகம் சொல்லாத பலவற்றைக் கற்கிறார். கடலின் மேல் உண்மையான அன்பு கொண்டவர்களும் அவர்களே. அந்த அன்பு கணக்கோடு சேர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். "ஒரு மீன்தானே" என்பது ஒருவர் சொல்லும்போது உண்மை. பல லட்சம் பேர் சொல்லும்போது அழிவு.

நண்பர்களே, இந்த வரிமீனை நீங்கள் ஒருவேளை கண்ணால் காணாமலே போகலாம். ஆனால் "நிறையத்தான் இருக்கிறதே, என்ன குறைந்துவிடும்?" என்னும் பேச்சை எங்கேனும் நிச்சயம் கேட்பீர்கள். கிணற்று நீரைப் பற்றியோ, காட்டு மரத்தைப் பற்றியோ அது இருக்கலாம். அப்போது உடனே தலையாட்டி விடாதீர்கள். "ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால், நீங்களே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்குங்கள்.