மாளிகையின் கோடை விழாவும் மல்பெரி வரிசையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வேர்ஜீனியா மாநிலத்திலே, சார்லட்ஸ்வில் நகரை அடுத்துள்ள ஒரு குன்றின் உச்சியில் நிற்கின்றது மொண்டிசெல்லோ என்னும் மாளிகை. சுதந்திரப் பிரகடனத்தை வரைந்தவரும் அந்நாட்டின் மூன்றாவது ஜனாதிபதியுமான தோமஸ் ஜெபர்சன் தாமே திட்டமிட்டுக் கட்டி வாழ்ந்த இல்லம் அது. இன்று நூதனசாலையாக விளங்கும் அவ்வில்லத்தின் முற்றத்தில் ஜூலை 4 ஆம் நாள் தோறும் ஒரு விழா நடைபெறுகின்றது. பல தேசங்களிலிருந்து வந்து குடியேறியோர் மாளிகையின் படிகளுக்கு முன்னே ஒன்றுகூடி, வலக்கரம் உயர்த்திச் சத்தியப்பிரமாணம் செய்து, அந்நாட்டின் பிரஜைகளாகின்றனர். 1963 ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கம் இது. 2008 இல் அன்றைய ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் அவர்களே வந்து அவ்விழாவில் உரையாற்றினார்.

இந்த விழாவை வானளாவப் புகழ்வோர் உளர். அடிமைகளை வைத்து ஆண்டவனின் வாசலிலே சுதந்திர விழாவா என்று இகழ்வோரும் உளர். நாம் இரு சாராருடனும் முழுமையாக உடன்படுவதற்கில்லை. விழா அங்கே நடப்பது தகும் என்பதே நமது கருத்து. ஆனால் எந்த நிபந்தனையின் பேரில் அது தகும் என்பதைத்தான் ஆராய வேண்டியிருக்கின்றது.

கோடை வந்துவிட்டால் அக்குன்றிலே கூட்டத்திற்குக் குறைவில்லை. பாடசாலை விடுமுறையில் பெற்றோர் பிள்ளைகளை அழைத்து வருகின்றனர். மாளிகையைச் சுற்றிக் காட்டுவோர் ஒருபுறம். தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவோர் மற்றொருபுறம். அமெரிக்கரின் ஐந்து சத நாணயத்தில் 1938 முதல் பொறிக்கப்பட்டு வந்துள்ள வீடு அது. 1987 இல் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டதும் அதுவே. எனவே அதனைக் காண வருவோர் வெறும் வேடிக்கை பார்க்க மட்டும் வருவதில்லை. தமது தேசம் எங்கே பிறந்தது என்று பார்க்க வருகின்றனர். அவ்விதம் வருவோருக்கு எதனைச் சொல்வது, எதனை விடுவது என்பது சிறிய விஷயமன்று.

தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் அடி நீளத்துக்கு மலைச்சரிவைச் செதுக்கிச் சமதரையாக்கிய காய்கறித் தோட்டம் அது. ஜெபர்சன் அங்கு முந்நூறுக்கும் மேற்பட்ட காய்கறி வகைகளைப் பயிரிட்டுப் பார்த்தார். விதைத்த நாள், முளைத்த நாள், உணவுமேசைக்கு வந்த நாள் எல்லாவற்றையும் குறித்துவைத்தார். பட்டாணிக் கடலையில் அவருக்கு அலாதிப் பிரியம். அயலவருள் முதலில் யார் தோட்டத்துப் பட்டாணி மேசைக்கு வரும் என்று போட்டியே நடக்குமாம். இக்கதைகளைக் கேட்க இனிமையாகத்தான் இருக்கின்றது. ஆனால் அம்மலைச் சரிவைச் செதுக்கிய கைகள் எவருடையவை? மண்வெட்டி பிடித்தவர் ஜெபர்சன் அல்லர். பூம்பாத்தி வெட்டி, கிழங்கு நட்டு, நீரூற்றிப் பராமரித்தவர்களுள் முதல்வர் வோர்ம்லி ஹியூஸ் என்னும் அடிமை. 1826 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆம் நாள், பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவன்றே, ஜெபர்சன் கண்மூடியபோது அவருக்குக் குழி தோண்டியவரும் அதே வோர்ம்லிதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. அடிமைக் குடும்பங்கள் தமது குடிசைகளின் அருகே சிறு தோட்டங்கள் வைத்திருந்தன. எசமானின் வேலை முடிந்த இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பாடுபட்டு அவர்கள் விளைவித்த கறிகாய்களையும், வளர்த்த கோழிகளையும், முட்டைகளையும் மாளிகையே விலைகொடுத்து வாங்கியது. ஜெபர்சனின் பேத்தி ஒருத்தி 1805 முதல் 1808 வரை எழுதிய கணக்குப் புத்தகத்திலே இக்கொள்வனவுகள் பதிவாகியுள்ளன. ஆயிரம் அடித் தோட்டம் உடையவர், உடைமை ஏதுமற்ற தமது அடிமைகளின் சிறு பாத்தியிலிருந்து காய்கறி வாங்கினார்! தோட்டம் காட்டுவோர் இதனையும் சொன்னாலன்றோ தோட்டம் காட்டியதாகும்?

மாளிகைக்குத் தென்புறமாக மல்பெரி வரிசை என்றொரு பாதை செல்கின்றது. கொல்லன் பட்டறை, தச்சுப் பட்டறை, அடிமைகளின் குடிசைகள் ஆகியன அதன் ஓரமாகவே இருந்தன. பத்து முதல் பதினாறு வயதுவரையான சிறுவர்கள் அங்கே நாள் முழுவதும் ஆணி அடித்தனர். ஒவ்வொரு பையனுக்கும் எவ்வளவு இரும்பு கொடுக்கப்பட்டது, அதிலிருந்து எவ்வளவு ஆணி வந்தது, எவ்வளவு வீணாயிற்று என்று ஜெபர்சன் நிறுத்துக் கணக்கெழுதினார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று எழுதிய அதே பேனா இந்தக் கணக்கையும் எழுதியது. அவர் தமது வாழ்நாளில் உடைமையாக வைத்திருந்த மனிதர் அறுநூறுக்கு மேற்பட்டோர். உயிரோடிருந்தபோது இருவரையும் மரணசாசனத்தின் மூலம் ஐவரையுமே அவர் சட்டப்படி விடுவித்தார்.

அவர் இறக்கும்போது கடன் ஒரு இலட்சம் டொலருக்கு மேல். கடனை அடைக்க வழி என்ன? 1827 ஜனவரியில் அதே மலையின்மீது ஏலம் கூறப்பட்டது. மேசை, நாற்காலி, மாடு, குதிரை ஆகியவற்றுடன் 130 மனிதரும் விற்பனைக்கு நிறுத்தப்பட்டனர். குழி தோண்டிய வோர்ம்லியின் மனைவியும் பிள்ளைகளும் அவர்களுள் அடக்கம். கொல்லனாகிய ஜோசப் பொசெற் மரணசாசனப்படி விடுதலை பெறவிருந்தவர். அவருடைய மனைவி ஈடித் மாளிகையின் தலைமைச் சமையற்காரி. பிரெஞ்சுப் பக்குவத்தில் சமைக்கப் பயிற்றப்பட்டவர். அந்த ஈடித்தும் அவர்தம் பிள்ளைகளும் ஏலம் போயினர். மகன் பீற்றருக்கு அப்போது பதினொரு வயது. தகப்பன் பட்டறையிலே உழைத்துப் பொருள் சேர்த்து மனைவியையும் பிள்ளைகள் சிலரையும் மீட்டுக்கொண்டார். பீற்றரை மீட்க உடனே இயலவில்லை. அவர் விடுதலை காண மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. பின்னாளில் அவர் சின்சினாற்றி நகரில் மதபோதகராக விளங்கி, முதுமையில், 1900 ஆம் ஆண்டு, தாம் பிறந்த மொண்டிசெல்லோவுக்கு ஒருமுறை வந்து பார்த்துச் சென்றார். எந்த மனநிலையோடு அந்த வாசற்படி ஏறியிருப்பார் என்பதை வாசகர்களின் எண்ணத்துக்கே விட்டுவிடுகின்றோம்.

இவையெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த இரகசியங்களல்ல. எனினும் 1923 இல் ஓர் அறநிலையம் இம்மாளிகையை வாங்கி மக்களுக்குத் திறந்துவிட்ட பின்னும் பல தசாப்தங்களாக அங்கே அடிமை என்ற சொல்லைக் கேட்பது அரிதாயிருந்தது. 'பணியாட்கள்' என்றார்கள். உணவு 'கொண்டுவரப்பட்டது', செங்கல் 'சுடப்பட்டது' என்றார்கள். யார் கொண்டுவந்தார், யார் சுட்டார் என்பதை இலக்கணத்துக்குள் மறைத்துவிட்டார்கள். (மாளிகை இடிந்து விழாமல் 1834 முதல் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் காத்த லெவி என்னும் யூதக் குடும்பத்தின் பெயரும் நெடுங்காலம் சொல்லப்படவில்லை.) அந்த மௌனம் மெல்ல மெல்லக் கலைந்தது. 1993 இல் அடிமைகளின் சந்ததியாரைத் தேடிக் கண்டு, அவர்தம் வாய்மொழி வரலாற்றைத் திரட்டும் பணி தொடங்கிற்று. ஜெபர்சனுக்கும் சலி ஹெமிங்ஸ் என்னும் அடிமைப் பெண்ணுக்கும் இருந்த தொடர்பைப் பற்றி 1998 இல் மரபணுச் சோதனை வந்தது. அவள் பெற்ற பிள்ளைகளின் தந்தை அவரேயாதல் பெரிதும் சாத்தியம் என 2000 இல் அறநிலையத்தின் ஆய்வுக்குழுவே கூறியது. 2018 ஜூன் மாதத்தில் மாளிகையின் தெற்குப் பகுதியில் சலி ஹெமிங்ஸின் வாழ்க்கைக்கென ஒரு கூடம் திறக்கப்பட்டது. அந்நாளில் அங்கே கூடியோருள் அடிமைகளின் சந்ததியார் நூற்றுக்கணக்கானோர்.

இதனை விரும்பாதார் சொல்வது என்ன? "விடுமுறையிலே பிள்ளைகளோடு பூந்தோட்டம் பார்க்க வருகின்றோம், எங்கள் முன்னோரைப் பழிப்பதைக் கேட்கவா பணங்கொடுத்து நுழைகின்றோம்?" என்பது அவர்கள் வாதம். இந்த மனப்போக்கு அரசாங்கத்தின் உச்சிவரை ஏறியிருக்கின்றது. 2025 மார்ச் மாதத்தில் ஜனாதிபதி ட்ரம்ப் பிறப்பித்த கட்டளை, அரசின் நூதனசாலைகளும் தேசியப் பூங்காக்களும் அமெரிக்க வரலாற்றை இழிவுபடுத்துவதாகக் கூறித் திருத்தம் செய்யப் பணித்தது. மொண்டிசெல்லோ அரசின் சொத்தன்று. தனி அறநிலையத்தின் சொத்து. அக்கட்டளை அதனை நேரடியாகத் தீண்டாது. ஆயினும் காற்று எப்பக்கம் வீசுகின்றது என்பதைக் கதவைச் சாத்தியிருப்பவரும் அறிவர். மெய்யைச் சொல்வது பழித்தலாகாது. ஆணிப் பட்டறைக் கணக்கை எழுதியவர் ஜெபர்சனேயன்றி அவருடைய எதிரிகளல்லர்.

பிரஜாவுரிமை விழாவுக்கு மீண்டும் வருவோம். அவ்விழாவிலே கைதூக்கி நிற்போரின் நிறங்களைப் பாருங்கள். அந்நாட்டின் 1790 ஆம் ஆண்டுச் சட்டம், சுதந்திரமான வெள்ளையர் மட்டுமே பிரஜையாகலாம் என்றது. 1923 ஆம் ஆண்டு, மொண்டிசெல்லோவை அறநிலையம் வாங்கிய அதே ஆண்டில், அமெரிக்க இராணுவத்தில் பணிபுரிந்த பகத்சிங் திந்த் என்னும் பஞ்சாபியர் வெள்ளையர் அல்லர். ஆகவே பிரஜையாகத் தகார் என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியருக்கு அந்த வாயில் திறந்தது 1946 இல். இனத் தடை முற்றாக அகன்றது 1952 இல். இவ்வரலாற்றையும் மல்பெரி வரிசையையும் அறிந்து அப்படிகளின் முன் நிற்பவருக்கே கையிலுள்ள பத்திரத்தின் பெறுமதி விளங்கும். அதனாற்றான் விழா அங்கே நடப்பது தகும் என்றோம்; மல்பெரி வரிசையின் கதை அதே நாளில், அதே உரத்த குரலில் சொல்லப்படும்வரை தகும்.

பிரஜாவுரிமைப் பத்திரம் ஒன்றின் பெறுமதியை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை ஒரே நாளில் நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று மனிதரைப் பங்கிட்டது. மிச்சப்பட்டோருக்குக் கதவு திறக்க 2003 ஆம் ஆண்டுவரை சட்டம் காத்திருந்தது. அந்த மலைநாட்டிலே வெள்ளைத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல இன்று உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. ரோசாப் பாத்தியும் புற்றரையும் மாலைத் தேநீரும் அங்கே தவறாமல் உண்டு. அடிமைமுறையும் தோட்டக் கூலிமுறையும் ஒன்றென்று நாம் கூற வரவில்லை. ஆனால் கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டிலே எழுதி, அத்துண்டோடு தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய வழக்கம் 1921 இல் ஒழிக்கப்படும்வரை இங்கும் இருந்தது. அதனைப் பங்களாவின் சுவரில் எழுதி வைத்தவர் எவர்? கம்பளைக்கு அண்மையிலே பழைய லயன் அறைகளில் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சிறு நூதனசாலை 2007 முதல் உண்டு. பங்களாவில் தேநீர் அருந்துவோரை அந்த லயத்துக்கும் அழைத்துச் செல்வது விடுதிக்காரருக்குப் பெரும் செலவன்று, மனந்தான் வேண்டும்.

மொண்டிசெல்லோவின் அறநிலையத்தாரிடம் நாம் எதிர்பார்ப்பதும் ஒன்றுண்டு. 2026 ஜூலை 4, பிரகடனத்துக்கு 250 ஆண்டுகளும் ஜெபர்சன் மறைவுக்கு 200 ஆண்டுகளும் நிறையும் நாள். அந்நாளுக்குக் கொடியும் வாத்தியமும் கூட்டமும் தாமே வந்துசேரும். அடுத்த ஜனவரியில் நிறைவது ஏலத்துக்கு 200 ஆண்டுகள். ஜனவரிக் குளிரில் அக்குன்றின்மீது ஏறுவார் சிலரே. ஆகவே அந்த 130 பேரின் விற்பனையை, ஜனம் திரளும் கோடையிலேயே, ஜூலை விழாவின் மேடையிலேயே, பீற்றர் பொசெற் முதலானோரின் பெயர்களைச் சொல்லி அவர்கள் அறிவிக்க வேண்டும்.