கடையில் வாங்கிய திறமைக்குப் பரிசு வேண்டாம்



கண்காட்சி என்றால் மாதிரி ரயிலைக் காசுக்குச் செய்வித்து, பிள்ளையின் பெயரை ஒட்டி அனுப்புகிறார்கள் சிலர். இது கல்வியா? ஆசிரியர்கள் நாங்கள் கேட்கிறோம்.

அருவக்காட்டுச் சுண்ணக்கல்லைப் பாலாவி சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுமக்கும் சரக்குப் பெட்டியைப் பிள்ளையே அட்டையில் செய்யட்டும். பெயின்ட்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, எயார் பிரஷ்ஷால் மெல்லிசாக அடித்து, காய்ந்தபின் மீண்டும் அடிக்க வேண்டும். ஒரேயடியாக அடித்தால் வழியும். கடைசியில் வெண்தூசு நிறம் லேசாக. இந்தப் பொறுமை எந்தக் கடையில் விற்கிறது?

"எயார் பிரஷ் விலை அதிகம்" என்பீர்கள். பாடசாலைக்கு ஒன்று போதும். காற்றோட்டமும் முகக்கவசமும் கட்டாயம்.

நடுவர்களே, மினுக்கத்தைப் பார்க்காதீர்கள். "எப்படிச் செய்தாய் மகன்?" என்று கேளுங்கள். பதில் சொல்லும் பிள்ளைக்கே பரிசைக் கொடுங்கள்.