மாண்ட்கோமரியின் ஒரு நாளும் 381 நாள்களும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை வகுப்பில் சொல்லும்போது பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறோம். 1955 டிசம்பர் 1 அன்று அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில், வேலை முடிந்து களைத்துப்போன ஒரு தையற்காரப் பெண்மணி பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்தார், கைதானார், நாடு விழித்துக்கொண்டது. இதை மட்டும் கேட்கும் குழந்தை, நல்லவர் ஒருவர் ஒருநாள் பொறுமை இழந்தால் அநீதி தீர்ந்துவிடும் என்றே எண்ணிக்கொள்ளும். அந்தப் பெண்மணியான ரோசா பார்க்ஸுக்கு அப்போது வயது 42. கறுப்பின உரிமைக்கான தேசியச் சங்கத்தின் நகரக் கிளையில் 1943-இலேயே செயலாளர் பொறுப்பேற்றவர். கைதாவதற்குச் சில மாதங்கள் முன்புதான் டென்னசியின் ஹைலேண்டர் பள்ளியில் பயிலரங்கு ஒன்றில் கலந்துகொண்டிருந்தார். அன்று உடல் களைப்பு காரணமல்ல என்று பின்னாளில் அவரே எழுதினார்.

நாம் விட்டுவிடும் பகுதிதான் வகுப்புக்கு அதிகம் பயன்படக்கூடியது. அதே ஆண்டு மார்ச்சில் 15 வயது மாணவி கிளாடெட் கோல்வின் இதே காரணத்துக்காகக் கைதாகியிருந்தார். அதற்கும் முன்பே, 1954 மே மாதம், கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் பெண்கள் அரசியல் மன்றத்தின் சார்பில் மேயருக்குக் கடிதம் எழுதி, பேருந்துப் புறக்கணிப்பு வரக்கூடும் என்று எச்சரித்திருந்தார். பார்க்ஸ் கைதான இரவே கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் புறக்கணிப்புக்கு அழைக்கும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டவரும் ராபின்சனே. புறக்கணிப்பில் இறங்கியவர்கள் முதலில் வைத்த கோரிக்கைகளோ வியப்பூட்டும் அளவுக்குச் சிறியவை: ஓட்டுநர்கள் மரியாதையாக நடக்க வேண்டும், இருக்கைகளை ஒதுக்கிவைக்காமல் வந்த வரிசையில் அமரவிட வேண்டும், அதுவும் கறுப்பினத்தவர் பின்னாலிருந்து, வெள்ளையர் முன்னாலிருந்து. பிரிவினையை முற்றாக நீக்கும் கோரிக்கை பிறகு, கோல்வின் உள்ளிட்ட நான்கு பெண்கள் தொடுத்த வழக்கில் வந்தது. பார்க்ஸ் அந்த வழக்கில் வாதி அல்லர். 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்களுக்குச் சாதகமான தீர்ப்பை உறுதிசெய்தது.

சிறுவர்களுக்கு ஒரு முகம், ஒரு கதை போதும், இத்தனை பெயர்கள் குழப்பும் என்பார்கள். பெயர்களைக் குறைக்கலாம்; காரணத்தைக் குறைக்கக் கூடாது. ஐந்தாம் வகுப்புக்குக் கோல்வினும் பார்க்ஸும் ராபின்சனும் போதும். பார்க்ஸின் பெருமை குறையும் என்பது இன்னொரு தயக்கம். தற்செயலாகப் புகழ் பெற்றவர் என்று காட்டுவதைவிட, பல ஆண்டு உழைத்தவர், அதற்காக வேலையையும் இழந்தவர் என்று காட்டுவதே அவருக்குச் செய்யும் மரியாதை. வன்முறையைப் பற்றிய கவலை மட்டும் நியாயமானது. 1956 ஜனவரியில் புறக்கணிப்புத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்ததை மேல்வகுப்புகளுக்கு ஒதுக்கிவைக்கலாம். ஆனால் பாகுபாடு என்பதே சிறுவர்களுக்குப் புரியாது என்று சொல்ல முடியாது. 1960-இல் நியூ ஆர்லியன்ஸில் கூட்டாட்சிக் காவலர்கள் சூழ வெள்ளையர் பள்ளிக்குள் நுழைந்த ரூபி பிரிட்ஜஸுக்கு வயது ஆறு. வகுப்பில் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிப் பாருங்கள்: புறக்கணிப்பு நீடித்த 381 நாள்களும் பேருந்தில் ஏறாமல் ஒரு நகரத்தின் கறுப்பின மக்கள் வேலைக்குப் போய்வர என்னென்ன தேவைப்பட்டிருக்கும்? கார் யாருடையது, பெட்ரோலுக்குப் பணம் யார் கொடுத்தார்கள், எந்த முனையில் யார் காத்து நின்றார்கள் என்று பிள்ளைகளே கேட்கத் தொடங்குவார்கள்.