கூட்டுத் தலைமையும் நம் நாற்காலியும்

இரண்டாம் உலகப் போரைப் பற்றி நம் மாணவரிடையே பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கருத்து மறுப்பின்றி ஏற்கப்பட்டு விடுகிறது. நேச நாடுகள் ஒற்றுமையாக நின்றன, ஆகவே வென்றன. அச்சு நாடுகள் தத்தம் வழியே சென்றன, ஆகவே வீழ்ந்தன என்பதே அது. மேடையில் முழங்குவதற்கு ஏற்ற கருத்துதான். ஆனால் இதில் பாதிதான் உண்மை என்பது என் கட்சி.

அச்சு நாடுகளைப் பற்றிச் சொல்வது மெத்தச் சரி. 1942 ஜனவரி 18-ஆம் நாள் ஜெர்மனியும் இத்தாலியும் ஜப்பானும் ஓர் இராணுவ உடன்படிக்கை செய்துகொண்டன. கிழக்குத் தீர்க்கரேகை 70-ஆம் பாகையை எல்லையாக வைத்து, அதற்கு மேற்கே நடப்பது அவர்கள் பாடு, கிழக்கே நடப்பது ஜப்பான் பாடு என்று பிரித்துக்கொண்டன. தேசப் படத்தை எடுத்துப் பாருங்கள். கராச்சி அந்தக் கோட்டுக்கு மேற்கே கிடக்கிறது. நம் பம்பாய் கிழக்கே கிடக்கிறது. நம்மைக் கேட்காமலே நம்மை யார் பங்கில் சேர்த்திருக்கிறார்கள், பாருங்கள்! பங்கு பிரித்ததோடு சரி. ஒன்றாக அமர்ந்து போரை நடத்தும் தலைமைச் சபை எதையும் அவர்கள் கடைசிவரை அமைக்கவில்லை.

நேச நாடுகளிடம் அத்தகைய சபை இருந்தது. அதை ஒற்றுமையின் குழந்தை என்று கருதுவதுதான் பிழை. பெர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட இரண்டே வாரத்தில் சர்ச்சில் வாஷிங்டன் சென்றார். அங்கே கூடிய மாநாட்டில் அமெரிக்கப் படைத்தலைவர் ஜெனரல் மார்ஷல் எழுந்து, ஒரு போர்முனைக்கு ஒரே தலைவர்தான் இருக்கவேண்டும், தரைப்படையும் கடற்படையும் விமானப்படையும், எந்த நாட்டினதாயினும், அவர் சொல்லுக்கு அடங்கவேண்டும் என்று வாதாடினார். சர்ச்சில் முதலில் ஒப்பவில்லை; பிறகே இசைந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இரு நாட்டுப் படைத்தலைவர்களும் சேர்ந்தமர்ந்த கூட்டுக் குழு. வாஷிங்டனில் அதன் நிலையான இருப்பிடம். போர் முடிவதற்குள் 200 முறை அது முறைப்படி கூடிற்று. பிரிட்டனின் சார்பில் அங்கே தங்கியிருந்த சர் ஜான் டில், மார்ஷலின் நெருங்கிய நண்பரானார். இரு தலைநகரங்களும் முறைத்துக்கொண்ட போதெல்லாம் அந்த நட்புதான் கதவைத் திறந்து வைத்தது. அவர் 1944 நவம்பரில் இறந்தபோது அமெரிக்கர் தம் வீரர்களுக்குரிய ஆர்லிங்டன் இடுகாட்டிலேயே அவரை அடக்கம் செய்தனர்.

சண்டையே இல்லாத இடத்தில் 200 கூட்டம் எதற்கு? பூசலை அடக்க முடியாது, ஆனால் அதற்கு ஒரு மேசையும் ஒரு நேரமும் ஒரு முடிவும் குறிக்க முடியும் என்று கண்டுகொண்டார்களே, அதுதான் அவர்கள் திறமை.

முதல் சோதனை படுதோல்வியாய் முடிந்தது என்பதையும் சொல்லவேண்டும். பர்மா முதல் ஆஸ்திரேலியாவின் வடகரை வரை நான்கு நாட்டுப் படைகளுக்கும் ஒரே தலைவராக, இந்தியாவின் பிரதம தளபதியாயிருந்த வேவல் நியமிக்கப்பட்டார். ஜாவாவில் பாண்டுங்குக்கு அருகே அவருடைய தலைமையகம். காக்கவேண்டிய தீவுகளோ டச்சுக்காரருடையவை. அவர்களையும் கலக்கவில்லை, ஆஸ்திரேலியரையும் கலக்கவில்லை. 1942 ஜனவரி நடுவில் தொடங்கிய அந்தத் தலைமை, பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், 25-ஆம் நாள் கலைக்கப்பட்டது. ஆறே வாரம்! பட்டம் பெரிது, படை சிறிது.

பின்னர் 1943 ஆகஸ்டில் கியூபெக் மாநாட்டில் தென்கிழக்காசியத் தலைமை என்ற புதிய அமைப்பு முடிவாயிற்று. மவுண்ட்பேட்டன் அதன் உச்சத் தளபதி. தில்லியில் தொடங்கிய அவருடைய தலைமையகம் 1944 ஏப்ரலில் இலங்கையின் கண்டிக்கு மாறி, பேராதனைப் பூந்தோட்டத்திலே குடியேறிற்று. பிற்காலத்தில் எத்தனையோ தமிழ் மாணவர் படித்த பேராதனைப் பல்கலைக்கழகம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இம்பால் போர்க்களத்திற்கும் அந்தப் பூந்தோட்டத்திற்கும் இடையே ஆயிரம் மைலுக்கு மேல் தொலைவு.

அங்கே நிலவிய அதிகார முறையைக் கேட்டால் சிரிப்பு வரும். அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல் மவுண்ட்பேட்டனுக்குத் துணைத் தளபதி. அவரே சீனா, பர்மா, இந்தியா மூன்றிலும் இருந்த அமெரிக்கப் படைக்குத் தலைவர். அவரே சியாங் கை ஷேக்கின் படைத்துறை முதல்வர். அவரே பீகாரின் ராம்கரில் பயிற்சி பெற்ற சீனப் படையை வட பர்மாவில் நடத்திய களத் தளபதி. துணைத் தளபதி என்ற முறையில் அவர் ஜெனரல் கிஃபர்டுக்கு மேலே. களத் தளபதி என்ற முறையில் கிஃபர்டுக்குக் கீழே. மாமியாரும் அவரே, மருமகளும் அவரே! கிஃபர்டின் கீழ் வேலை செய்யமாட்டேன் என்று ஸ்டில்வெல் அடம் பிடித்தார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார்: கிஃபர்டுக்கும் கீழ்ப்பட்டவரான ஜெனரல் ஸ்லிம்மின் ஆணைக்குக் கட்டுப்படுவேன், காமைங் என்ற ஊரை அடையும் வரை. எந்தச் சட்ட நூலிலும் இப்படி ஓர் ஏற்பாடு இராது. ஆனால் நடந்தது, பயனும் தந்தது. கடற்படைத் தலைவர் சோமர்வில்லோ, பெருங்கடலில் என் கப்பல்கள் லண்டனுக்குத்தான் பதில் சொல்லும், கண்டிக்கு அன்று என்று இறுதிவரை முரண்டினார்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவேதான் 1944 மார்ச்சில் ஜப்பானியர் இம்பால் மீது பாய்ந்தனர். அராக்கானில் இருந்த ஐந்தாம் இந்திய டிவிஷனை உடனே வடக்கே கொண்டுவர வேண்டும். சாலை வழியே கொண்டுவந்தால் காலம் கடந்துவிடும். விமானங்கள் இருந்தன, ஆனால் அவை இமயத்தைக் கடந்து சீனாவுக்குச் சரக்கு ஏற்றிச் சென்றவை, வாஷிங்டனின் அனுமதியின்றித் தொடக்கூடாதவை. மவுண்ட்பேட்டன் என்ன செய்தார்? மறுப்பு வராவிட்டால் விமானங்களை எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று தந்தி அடித்தார். மறுப்பு வரவில்லை. பீரங்கியும் கோவேறு கழுதையுமாக ஒரு டிவிஷன் வானில் ஏறிற்று. இம்பாலும் கோகிமாவும் நிலைத்தன. என்னைக் கேட்டால், உச்சத் தளபதி என்ற பட்டத்துக்கு அவர் உரியவரானது கியூபெக்கில் அன்று, அந்தத் தந்தியில்தான்.

இதுவரை சொன்னது புகழ்ச்சி. இனிமேல்தான் நமக்குரிய செய்தி.

பதினான்காம் படையில் போரிட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர். ஆறுகளுக்குப் பாலமிட்டவர்களில் மதராஸ் சாப்பர்கள் உண்டு. எதிர்ப்புறத்தில் நேதாஜியின் படையிலும் மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் திரளாக நின்றனர். போர் முழுவதிலும் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்தவர் தொகை 25 லட்சத்தைத் தொட்டது. உணவு, துணி, மருந்து, ரயில், துறைமுகம் அனைத்தும் இந்தியா கொடுத்தது. இத்தனைக்கும் ஈடாக அந்த மேசையில் நமக்கு என்ன இடம் கிடைத்தது?

"கிடைத்ததே! நம் தமிழரே அமர்ந்தாரே!" என்று நண்பர் சிலர் பெருமையோடு சொல்வதுண்டு. உண்மைதான். நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான ஆற்காடு இராமசாமி முதலியாரும் நவாநகர் ஜாம்சாகிபும் 1942-இல் இந்தியாவின் பிரதிநிதிகளாக லண்டனுக்கு அனுப்பப்பட்டு, சர்ச்சிலின் போர் மந்திரிசபையிலும் பசிபிக் போர்க் கவுன்சிலிலும் அமர்ந்தனர். முதலியாரின் ஆற்றலில் எனக்கு ஐயமில்லை. 1946-இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூகக் கவுன்சிலுக்கு முதல் தலைவராய் விளங்கியவர் அவர். ஆனால் அவரை அனுப்பியது நாம் தேர்ந்த அரசன்று, வைசிராயின் அரசு. அதையும் விடுங்கள். பசிபிக் போர்க் கவுன்சில் யோசனை கூறும் சபை, ஆணையிடும் சபையன்று. ஆணை பிறந்தது வாஷிங்டனில், இரு நாட்டுப் படைத்தலைவர் மட்டும் அமர்ந்த மேசையில். அந்த மேசையில் இந்தியன் இல்லை, சீனன் இல்லை, ஆஸ்திரேலியனும் இல்லை.

சீனத் தலைவர் நிலையைப் பாருங்களேன். 1943 நவம்பரில் சியாங்கைக் கெய்ரோவுக்கு அழைத்து, அந்தமான் தீவுகளில் படையிறக்குவோம் என்று வாக்களித்தார்கள். அங்கிருந்து தெஹ்ரானுக்குச் சென்று ஸ்டாலினோடு பேசித் திரும்பியதும், கரையிறங்கும் படகுகள் ஐரோப்பாவுக்கு வேண்டும் என்று கண்டு வாக்கைக் கைவிட்டார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நாட்டின் தலைவருக்கே இந்தக் கதி என்றால், நாடே தன் கையில் இல்லாதவர்க்கு என்ன கதி?

அதற்கு விடை நம் வாசலிலேயே இருக்கிறது. ஆண்டாப் ஹில்லில் குடியிருக்கும் நம் மாணவர் வடாலாவில் ஹார்பர் லைன் வண்டியேறித் தெற்கே வரும்போது, சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்டு ரோடு என்று நிலையங்களின் பெயரைக் கேட்டுக்கொண்டே வருகிறார்கள். இடப்புறத்தில் துறைமுக நிலமும் கிட்டங்கிகளும் கூடவே வருகின்றன. அந்த நிலத்தின் தென்கோடியில், விக்டோரியா டாக்கில், 1944 ஏப்ரல் 14 மாலை 4 மணி 6 நிமிடத்துக்கு ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்தது. அரைமணி கழித்து மறுபடியும் வெடித்தது. சுமார் 1,400 டன் வெடிமருந்தும், கராச்சியில் ஏற்றிய 8,700 பஞ்சுப் பொதிகளும் ஒரே கப்பலில்! கப்பல் இடம் கிடைக்காத காலமாகையால் எதையும் எதனோடும் ஏற்றினார்கள். நண்பகலுக்குப் பின் தீ தெரிந்தது. கப்பல் தலைவர், துறைமுக அதிகாரி, தீயணைப்புத் தலைவர், இராணுவ வெடிமருந்து அதிகாரி எல்லோரும் வந்துவிட்டார்கள். கப்பலை மூழ்கடிக்கவேண்டும் என்றார் ஒருவர். வெளிக்கடலுக்கு இழுத்துச் செல்லலாம் என்றார் ஒருவர். தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே இருப்போம் என்றார் ஒருவர். எல்லோருக்கும் மேலாக நின்று ஆணையிடும் உரிமை அங்கே யாருக்கும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இலங்கையில் ஜப்பானிய ஆபத்து நெருங்கியபோது, அட்மிரல் லேட்டன் என்பவருக்குக் கவர்னர் உள்பட அனைவருக்கும் மேலான அதிகாரத்தை ஒரே நாளில் கொடுக்க முடிந்தது. பம்பாய் டாக்கில் இரண்டு மணி நேரத்துக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை.

தீயணைப்பு வீரர் மட்டும் 60 பேருக்கு மேல் மாண்டனர். மொத்தத்தில் நூற்றுக்கணக்கானோர். நாம் சித்திரைப் பிறப்பும் அம்பேத்கர் பிறந்த நாளும் கொண்டாடும் அதே ஏப்ரல் 14, தேசிய தீயணைப்புப் பணி நாளாக அனுசரிக்கப்படுவது இதனால்தான். மக்களோ, பல்லாண்டு கழித்துத் தூர்வாரியபோது தங்கக்கட்டி கிடைத்த கதையைத்தான் சுவையாகச் சொல்கிறார்கள்.

தங்கத்தைவிட முக்கியமானது அன்று எரிந்த தானியம். முந்திய ஆண்டுதான் வங்கத்தில் பஞ்சம் 20, 30 லட்சம் உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. இப்போது வைசிராயாகிவிட்ட வேவல், கோதுமை அனுப்புங்கள் என்று லண்டனை நச்சரித்துக்கொண்டிருந்தார். ஏப்ரல் 29-இல் சர்ச்சில் ரூஸ்வெல்டுக்கு எழுதினார்: ஆஸ்திரேலியாவில் கோதுமை இருக்கிறது, கப்பல் இல்லை, பம்பாய் வெடிவிபத்தின் இழப்பு நிலையை மோசமாக்கிவிட்டது, அமெரிக்கக் கப்பல்கள் தந்து உதவவேண்டும் என்று. ரூஸ்வெல்ட் தம் படைத்தலைவர்களைக் கேட்டார். போர்த் தேவையிலிருந்து கப்பலைத் திருப்ப அவர்கள் இசையவில்லை. ஜூன் முதல் நாள் வருத்தத்தோடு மறுப்பு வந்தது. இந்தியர் வாய்க்குள் போகவேண்டிய கோதுமைக்குக் கப்பல் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்தவர்கள் நார்மண்டிக்குப் படையனுப்பக் காத்திருந்த தளபதிகள். அவர்கள் கொடியவர் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கண்முன் இருந்த கணக்கில் இங்கிலீஷ் கால்வாய் இருந்தது. வங்காளத்து அடுப்பையும் அந்தக் கணக்கில் எழுதச் சொல்ல அங்கே நம்மவர் ஒருவர் இல்லை. 'போர் மந்திரிசபையில் தமிழர்' என்று நாம் கொண்டாடும் நாற்காலி, கப்பல் பங்கீடு நடந்த அறைக்கு வெளியே போடப்பட்ட நாற்காலி.

கூட்டுத் தலைமையைப் பழிக்க இதை எழுதவில்லை. அது இராவிட்டால் இம்பால் வீழ்ந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். ஆனால் 'சிறந்த தளபதி யார்? ஸ்லிம்மா, மவுண்ட்பேட்டனா?' என்று ஆண்டுதோறும் சொற்போர் நடத்தி அலுக்கவில்லையா? இம்முறை தலைப்பை மாற்றும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்: 'நேச நாடுகளின் கூட்டுத் தலைமையில் இந்தியாவுக்கு இடம் இருந்ததா?' ஸ்லிம் எழுதிய போர் நூலை முதலில் படித்துவிட்டு வாருங்கள். ஸ்டில்வெல் கதையை அவர் சொல்லும் அழகே தனி. இல்லை என்ற கட்சிக்கு நான் பேசத் தயார். எதிர்க்கட்சிக்கு இருவர் வேண்டும். ஆண்டாப் ஹில் நண்பர்கள் முன்வந்தால் ரயிலிலேயே வாதத்தைத் தொடங்கிவிடலாம்.