உறுதி முடிக்குமுன் தோம்பு பார்!

பத்துப் பரப்புக் காணி வாங்கப் புறப்படும் விவசாயி முதலிற் செய்வது என்ன? தோம்பு பார்ப்பிக்கிறார். ஈடு உண்டா, வழக்கு உண்டா, முதுசமா சீதனமா, விற்பவர் ஊரில் எடுத்த பெயர் என்ன என்று விசாரிக்கிறார். விற்பவர் கள்வர் என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கட்டும், அதன்பின் விசாரிப்போம் என்று அவர் காத்திருப்பதில்லை. போவது தமது கைப்பணம் என்பதை அவர் அறிவார். பத்துப் பரப்புக்கு இத்துணை நிதானம் காட்டும் நாட்டிலே, மன்னார்த் தீவின் காற்றையும் பூநகரியின் காற்றையும் இருபது ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுக்க முனைந்தவர்கள் தோம்பு பார்த்தார்களா?

நடந்தவற்றை ஒழுங்குபட நோக்குவோம். 2022 மார்ச்சில் இலங்கை மின்சார சபை இந்தியாவின் அதானி குழுமத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றைச் செய்தது. கேள்விப்பத்திரம் கோரப்படவில்லை. அவ்வாண்டு ஜூனில் போட்டிக் கேள்வி முறையைத் தளர்த்தும் மின்சாரச் சட்டத் திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதே வாரத்தில் மின்சார சபையின் தலைவர் பாராளுமன்றக் குழுவின் முன் தோன்றி, இந்தியப் பிரதமரின் வற்புறுத்தலால் இத்திட்டத்தை அக்குழுமத்துக்கு வழங்குமாறு ஜனாதிபதி தம்மிடம் கூறினார் என்றார். ஜனாதிபதி மறுத்தார். தலைவர் தம் கூற்றை மீளப்பெற்றார். சில நாளிற் பதவியையும் துறந்தார்.

2023 ஜனவரியில் ஹிண்டன்பேர்க் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் அக்குழுமத்தின் மீது பங்கு மோசடிக் குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. குழுமம் மறுத்தது. ஆயினும் சில வாரங்களுக்குள் அதன் கம்பனிகளின் சந்தைப் பெறுமதி பத்தாயிரம் கோடி டொலருக்கு மேல் வீழ்ந்தது. உலகம் கணக்கைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்நேரத்தில், அடுத்த மாதமே, நமது முதலீட்டுச் சபை 44 கோடியே 20 இலட்சம் டொலர் காற்றாலைத் திட்டத்துக்கு அனுமதி வழங்கியது! 2024 மே மாதத்தில் அமைச்சரவை, அலகொன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் வீதம் இருபது ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்கவும் இசைந்தது. அவ்வாண்டு நவம்பரில், சூரியமின் ஒப்பந்தங்களுக்காக இந்திய அதிகாரிகளுக்கு 25 கோடி டொலருக்கு மேல் இலஞ்சம் கொடுக்க உடன்பட்டதாகவும், அதனை அமெரிக்க முதலீட்டாளருக்கு மறைத்ததாகவும் கௌதம் அதானி மீதும் வேறு சிலர் மீதும் நியூயோர்க்கிற் குற்றம் சாட்டப்பட்டது. அதனையும் குழுமம் மறுத்தது.

குற்றப்பத்திரம் தீர்ப்பாகாது. இதைச் சட்டம் படித்த எவரும் மறக்கலாகாது. ஹிண்டன்பேர்க் சுமத்தியவற்றுட் சிலவற்றை இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குறுத்தும் சபை 2025 செப்ரெம்பரில் தள்ளுபடி செய்தது என்பதையும் நேர்மையுடன் கூறவேண்டும். ஐயத்தின் பயன் எதிரிக்கே உரியது. ஆனால் எங்கே? குற்றவியல் மன்றிலே! ஒருவரைச் சிறைக்கு அனுப்ப ஐயத்துக்கு அப்பாற்பட்ட சான்று வேண்டும். அவரை இருபதாண்டுப் பங்காளியாக ஏற்குமுன் தயங்குவதற்கு நியாயமான ஓர் ஐயமே போதும். இவ்விரண்டையும் குழப்பி, “குற்றம் நிரூபிக்கப்படவில்லையே” என்று கேட்போர் வாயை அடைப்பவர்கள் சட்டம் பேசவில்லை, தரகு பேசுகிறார்கள்.

பிறர் பட்ட பாட்டையும் பார்ப்போம். வங்காளதேசம் 2017 இல் கேள்விப்பத்திரமின்றி அக்குழுமத்துடன் 25 ஆண்டு மின்சார ஒப்பந்தம் செய்தது. 2024 இன் பிற்பகுதியில் 80 கோடி டொலருக்கு மேற்பட்ட நிலுவைக்காக அந்த மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டது. கடன் வங்காளதேசத்தினதே, அதை மறுக்கவில்லை. ஆனால் கைகால் கட்டுண்டபின் விலை பேச முடியாது என்பதை அந்நாடு இருளிலிருந்து கற்றது. கென்யாவில் விமான நிலையத்தை முப்பதாண்டு குத்தகைக்குக் கொடுக்க முயன்றபோது, அந்நாட்டுச் சட்டத்தரணிகள் சங்கம் மன்றேறித் தடையுத்தரவு பெற்றது. நியூயோர்க் செய்தி வந்த மறுநாளே அந்நாட்டு ஜனாதிபதி திட்டத்தைக் கைவிட்டார். கொழும்புத் துறைமுகத்தின் மேற்கு முனையத்துக்கு அமெரிக்க அரச நிதி நிறுவனம் தருவதாக இருந்த 55 கோடியே 30 இலட்சம் டொலர் கடனும் வேண்டாமென்று 2024 டிசெம்பரில் விடப்பட்டது. குழுமம் சொந்தப் பணத்தை இட்டபடியால் முனையம் 2025 ஏப்பிரலில் இயங்கத் தொடங்கியது. அப்பணம் இல்லாதிருந்தால், அங்கே 15 வீதப் பங்கு வைத்துள்ள நமது துறைமுக அதிகார சபையின் கதி யாதாகியிருக்கும்?

விலையைக் கணக்கிடுவோம். புதிய அரசாங்கம் ஆறு சதத்துக்குக் குறைந்த விலையை எதிர்பார்த்தது. வித்தியாசம் 2.26 சதம். பத்து இலட்சம் அலகுக்கு 22,600 டொலர்! தோட்டத்துக்கு நீர் இறைக்கும் விவசாயியின் மின்பட்டியல் வழியாக இருபதாண்டு கட்டவேண்டிய தொகை இது. அமைச்சரவை அவ்விலையைக் கைவிட்டது. 2025 பெப்ரவரியிற் குழுமம் தானே விலகுவதாக அறிவித்தது. மூன்று ஆண்டுகள் காற்றோடு போயின.

ஆள் போய்விட்டார், ஆபத்துப் போய்விட்டதா? 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் வேறு காற்றாலைகளை எதிர்த்து வீதியில் இறங்கினார்களே! தாழ்ந்த நிலத்தில் வெள்ளம் வடியுமா, மீன்பிடி என்னாகும், பறவைகள் எங்கே செல்லும் என்ற கேள்விகள் நேற்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆகவே ஒரு மனிதரின் பெயரைச் சொல்லி வசைபாடுவதாற் பயனில்லை. கேள்விப்பத்திரமின்றிக் கதவைத் திறந்துவிட்ட நமது ஆட்சியாளரே முதற் பொறுப்பாளிகள்.

“போரில் அழிந்த வடக்குக்கு முதலிட வருபவரைக் கேள்வி கேட்டுத் துரத்தாதீர்” என்போர் உளர். பசித்தவன் நஞ்சா சோறா என்று பாராமல் உண்ணவேண்டும் என்பதா இவர்கள் வாதம்? நேர்மையான முதலாளி கேள்விக்கு அஞ்சமாட்டார். அஞ்சி ஓடுபவர் ஓடுவதே நமக்கு இலாபம்.

யார் வந்தாலும் நாம் கேட்கவேண்டியவை இவை. பகிரங்கப் போட்டியில் வந்தீரா? உமது கம்பனியின் உண்மை உடைமையாளர் யார், கடன் எவ்வளவு, எந்நாட்டில் என்ன வழக்கு? விலையும் நிபந்தனைகளும் தமிழில் வெளியிடப்பட்டனவா? இலஞ்சக் குற்றம் நிரூபணமானால் ஒப்பந்தத்தை இழப்பீடின்றி முறிக்க வாசகம் உண்டா? கோபுரங்களைக் கழற்றி நிலத்தைச் சீராக்கப் பிணைப்பணம் கட்டினீரா? அவ்வூர் விவசாயியும் கடற்றொழிலாளியும் இசைந்தார்களா?

நொத்தாரிசுகளே, நில அளவையாளர்களே, கணக்காளர்களே, பொறியியலாளர்களே! ஊரறியாத கம்பனிக்கு ஊரில் முகவரி தருவது உங்கள் கையொப்பமே. கட்டணம் ஒருமுறை கிடைக்கும். பெயர் போனால் மீளாது. காணிச் சொந்தக்காரர்களே! முற்பணத்தைக் கண்டு உறுதியில் ஒப்பமிடாதீர்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் எழுந்து வாருங்கள். பத்துப் பரப்புக்குப் பார்க்கும் தோம்பை ஒரு தீவுக்கும் பாருங்கள்!